பங்சர் ஒட்டுவது இயற்பியல் இல்லையா?



பாஸ்கல் விதியை எழுதச் சொன்னால் நம் மாணவர்களில் பெரும்பாலோர் பிழையின்றி எழுதிவிடுவார்கள். பாயில் விதிக்கு வரைபடமும் வரைந்து காட்டுவார்கள். ஆனால் காற்று இறங்கிய ஒரு டியூபைக் கையில் கொடுத்து, "ஓட்டை எங்கே இருக்கிறது, கண்டுபிடி" என்றால் விழிப்பார்கள். "அது பங்சர் கடைக்காரர் வேலை அல்லவா, சார்?" என்று திருப்பிக் கேட்பவர்களும் உண்டு. இந்தக் கேள்வியோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அதை உங்கள் முன் வைக்கவே இக்கட்டுரை.

எட்டயபுரம் பக்கம் மிதிவண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பங்சர் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரிசல் காட்டு வண்டித்தடங்களின் இருபுறமும் சீமைக்கருவேலம் அடர்ந்து நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட மரம் இது. விறகுக்கும் கரிக்கும் உதவுகிறது. டயருக்கு மட்டும் ஜென்மப் பகை. மேல்நிலை வகுப்பில் அரசு தரும் மிதிவண்டி வீட்டுக்கு வந்த மாதமே முள்ளும் உள்ளே வந்துவிடும்.

பங்சர் கடையில் நடப்பதை ஒருமுறை நின்று கவனித்துப் பாருங்கள். கடைக்காரர் டியூபில் காற்றடிக்கிறார். தண்ணீர்த் தொட்டியில் சிறிது சிறிதாக முக்கி, விரல்களால் நசுக்கியபடி நகர்த்துகிறார். குமிழி கிளம்பும் இடத்தை அடையாளம் செய்கிறார். ஈரத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்க்கிறார். ரப்பர் சொல்யூஷனைத் தடவிவிட்டு, உடனே ஒட்டாமல் சற்றுக் காத்திருக்கிறார். பிறகுதான் ஒட்டைப் பதிக்கிறார். டியூபைத் திரும்ப மாட்டுமுன் டயரின் உட்புறம் முழுவதும் விரலால் தடவிப் பார்க்கிறார். முள் முனை இன்னும் டயரில் குத்திக்கொண்டு இருந்தால், ஒட்டிய டியூப் அடுத்த தெருவுக்குள் மறுபடி இறங்கிவிடும் என்பது அவருக்குத் தெரியும். விளைவைச் சரிசெய்வதோடு நில்லாமல் காரணத்தையும் தேடுகிறார் அவர்.

இதில் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு 'ஏன்' இருக்கிறது. அந்த 'ஏன்' தெரியாமல் அசைவை மட்டும் பழகிக்கொண்டால் என்ன ஆகும்? இதற்கு நல்ல எடுத்துக்காட்டாக வேறொரு பொருளைச் சொல்கிறேன்.

மலையேறுவோர் முதுகில் சுருட்டிக் கட்டிக்கொண்டு போகும் ஒருவகைக் காற்றுப் பாய் உண்டு. விரித்து அதன் வால்வைத் திறந்து வைத்தால் போதும். ஊதாமலே தானாகப் பருத்து மெத்தையாகிவிடும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தது இது. விமானத் தொழிலில் ஆட்குறைப்பால் வேலை இழந்த ஜிம் லீ, நீல் ஆண்டர்சன் என்ற இரு பொறியாளர்கள், மலையேறும் நண்பர் ஜான் பரோஸ் என்பவருடன் சேர்ந்து 1972இல் தொடங்கிய காஸ்கேட் டிசைன்ஸ் என்ற நிறுவனம் இதை உருவாக்கியது. தோட்ட வேலையின்போது முழங்காலுக்கு அடியில் போட்டிருந்த நுரை மெத்தையிலிருந்து காற்று வெளியேறுவதைக் கவனித்ததுதான் தொடக்கம் என்பார்கள்.

பாய்க்குள் இருப்பது ஒரு ஸ்பாஞ்சுத் தகடு. அதன் மேலும் கீழும் காற்றுப் புகாத நைலான் துணி இறுக ஒட்டப்பட்டிருக்கிறது. சுருட்டும்போது ஸ்பாஞ்சு நசுங்கிக் காற்று வெளியேறுகிறது. வால்வைத் திறந்தால் ஸ்பாஞ்சு தன் பழைய உருவத்துக்கு மீள முயல்கிறது. உள்ளே கனஅளவு கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. வெளியே உள்ள வளிமண்டலம் காற்றை உள்ளே தள்ளுகிறது. பாய் காற்றை 'உறிஞ்சுகிறது' என்று பேச்சுக்குச் சொல்லலாம். ஆனால் இயற்பியலில் உறிஞ்சும் விசை என்று ஒன்று கிடையாது. தள்ளும் விசைதான் உண்டு. இளநீரில் போட்ட குழலுக்கும் இதே கதைதான்.

சரி, இந்தப் பாய் ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாலையில் விரித்தபோது மெத்தையாக இருந்தது. விடியற்காலையில் இடுப்பெலும்பு தரையில் முட்டுகிறது. பங்சர் கடையில் பார்த்ததை நினைவில் வைத்து, பாயைத் தொட்டியில் முக்குகிறீர்கள். ஒரு குமிழிகூட வரவில்லை! "ஓட்டையே இல்லை" என்று முடிவு கட்டிவிடுவீர்கள். மறுநாள் இரவும் பாய் இறங்கும்.

ஏன் இப்படி? கொஞ்சம் கணக்குப் போடுவோம். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் பாயில் படுக்கிறார். உடல் படும் பரப்பு ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர் எனக் கொள்வோம். அழுத்தம் சுமார் 1,200 பாஸ்கல். இது வெறும் 12 சென்டிமீட்டர் உயர நீரின் அழுத்தம்தான். இனி, நீருக்கடியில் ஒரு துளையிலிருந்து குமிழி வெளிவர வேண்டுமானால் அது நீரின் பரப்பு இழுவிசையை வென்றாக வேண்டும். அதற்குத் தேவையான அழுத்தம், பரப்பு இழுவிசையை இரண்டால் பெருக்கித் துளையின் ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். துளையின் விட்டம் 0.1 மில்லிமீட்டர், அதாவது ஆரம் 0.05 மில்லிமீட்டர் என்றால், தேவையான அழுத்தம் 2,880 பாஸ்கல். பாயில் இருப்பதோ 1,200. அதுவும் ஆள் படுத்திருக்கும்போது! தொட்டியில் சும்மா மிதக்கும் பாயில் அதுவும் இல்லை. குமிழி எப்படி வரும்? அந்தத் துளையை நீரே மூடி போட்டு அடைத்துவிடுகிறது. உலர்ந்த இரவில் அந்த மூடி இல்லை; காற்று தாராளமாகப் போகிறது.

எவ்வளவு போகும் என்றும் பார்க்கலாம். 1,200 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் காற்று ஏறத்தாழ நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் துளை வழியே பாயும். துளையின் பரப்பையும், ஓடை குறுகுவதற்கான குணகமாக 0.6ஐயும் பெருக்கினால், நொடிக்கு 0.2 கன சென்டிமீட்டர். அற்பம் என்று தோன்றுகிறதல்லவா? எட்டு மணி நேரத்துக்கு இது 6 லிட்டர்! 1.8 மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் 3 சென்டிமீட்டர் தடிப்பும் உள்ள பாயின் மொத்தக் கனஅளவே 27 லிட்டர்தான். ஒரு மயிரிழை அளவுத் துளை இரவோடிரவாகப் பாயின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குடித்துவிடுகிறது.

பங்சர் கடையில் மட்டும் வெறும் தண்ணீர் எப்படிப் போதுமானதாயிற்று? அங்கே முள் போட்ட துளை பெரிது. டியூப் பலூன்போல் ஊதப்படுவதால் அதன் ரப்பர் விரிந்து துளையையும் விரிக்கிறது. உள்ளே அழுத்தமும் பாயில் உள்ளதைப்போல் பல மடங்கு. போதாததற்கு அவர் விரலால் நசுக்கி அழுத்தத்தை இன்னும் கூட்டுகிறார். அவருடைய முறை அவருடைய பொருளுக்குச் சரி. பொருள் மாறினால் முறையும் மாற வேண்டும். எப்படி மாற வேண்டும் என்று சொல்லுவதுதான் சூத்திரத்தின் வேலை.

சூத்திரத்தையே மறுபடி பாருங்கள். மேலே இருப்பது பரப்பு இழுவிசை. அதைக் குறைத்தால் குமிழி வரும். சோப்பு நீரின் பரப்பு இழுவிசை தூய நீரில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 0.025. அதே துளைக்கு இப்போது 1,000 பாஸ்கல் போதும். பாயில் இருக்கும் 1,200 அதை வென்றுவிடுகிறது. எனவே பாயில் வாயாலோ பம்பாலோ கூடுதலாகக் காற்றேற்றி, வால்வை மூடி, இரண்டாக மடித்து முழங்காலால் அழுத்திக்கொண்டு, சோப்பு நீரைத் தூரிகையால் தாராளமாகத் தடவுங்கள். துளை இருக்கும் இடத்தில் வெண்ணுரை மொட்டு விடும். (சோப்புக் குமிழிக்கு இரண்டு பரப்புகள் உண்டே, நான்கால் அல்லவா பெருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சபாஷ்! ஆனால் தடவிய நீர்ப்படலம் துளையைவிடத் தடிப்பாக இருப்பதால் குமிழி முதலில் நீருக்குள்ளேயே பிறக்கிறது. அந்த நேரத்தில் அதற்கு ஒரு பரப்புதான்.)

சோப்பு நீரை எடுக்குமுன் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இறங்கிய பாயெல்லாம் ஒழுகும் பாய் அல்ல. சித்திரை மாதத்தில் மாலை 37 டிகிரியாக இருந்த காற்று விடியற்காலை 25 டிகிரியானால், சார்லஸ் விதிப்படி அதன் கனஅளவு 310க்கு 298 என்ற விகிதத்தில் சுருங்கும். 27 லிட்டரில் ஒரு லிட்டர் இப்படியே காணாமல் போகும். அதற்கு ஒட்டுப் போட முடியாது. இரண்டு, துணியைச் சோதிக்குமுன் வால்வைச் சோதியுங்கள். அதிலுள்ள சிறிய ரப்பர் வளையத்தில் மணல் ஒட்டியிருந்தாலோ, வளையம் காய்ந்து வெடித்திருந்தாலோ காற்று அங்கேயே போய்விடும். வளையத்தைத் துடைத்தாலோ மாற்றினாலோ வேலை முடிந்தது.

அந்த ரப்பர் வளையத்தை அலட்சியமாக எண்ண வேண்டாம். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் ஏவப்பட்ட 73 நொடிகளில் சிதறி, ஏழு பேர் மாண்டனர். பக்கவாட்டு ராக்கெட்டின் இணைப்பிலிருந்த ரப்பர் வளையம் அன்றைய கடுங்குளிரில் விறைத்து, சூடான வாயுவைக் கசியவிட்டதே காரணம். விசாரணைக் குழுவில் இருந்த ரிச்சர்டு ஃபெயின்மன், அந்த ரப்பரில் ஒரு துண்டை இடுக்கியில் அழுத்தி, பனிக்கட்டி நீரில் போட்டு எடுத்து, அது உடனே பழைய உருவத்துக்கு மீளவில்லை என்பதை எல்லோர் முன்னிலையிலும் காட்டினார். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் செய்த அந்தச் சோதனைக்கு ஆன செலவு ஒரு தம்ளர் நீர்!

இனி ஒட்டும் வேலை. இங்கும் கண்மூடிப் பின்பற்றுவது கைகொடுக்காது. சைக்கிள் டியூபுக்கான சொல்யூஷன் ரப்பருக்கு உரியது. பாயின் துணியில் பூசியிருப்பதோ பெரும்பாலும் பாலியூரித்தேன். அதற்குப் பாலியூரித்தேன் பசையே பிடிக்கும். பி.வி.சி. பொருளுக்கு பி.வி.சி. பசையும் அதே பி.வி.சி. துண்டும் வேண்டும். ஒட்டுமிடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, காற்றை முழுதும் இறக்கி, சமதளத்தில் பரப்பி ஒட்டி, பசைக்குழாயில் சொன்ன நேரம் வரை தொடாமல் இருக்க வேண்டும். பெரும்பாலான ஒட்டுகள் பிய்ந்துபோவது பசையின் குற்றத்தால் அல்ல, அவசரத்தால். ரப்பர் சொல்யூஷனிலும் அப்படியே: கரைப்பான் ஆவியாகிப் போனபின்தான் ரப்பரும் ரப்பரும் நேராகத் தழுவும்; ஈரத்தோடு ஒட்டினால் இடையில் ஆவி சிக்கிக்கொள்ளும். இந்தக் கரைப்பான்கள் தீப்பற்றக்கூடியவை, மூச்சுக்கும் கெடுதல். அடுப்பங்கரையில் வைத்து ஒட்டாதீர்கள்.

"எங்கள் ஊரில் யார் மலையேறுகிறார்கள், யாருக்கு இந்தப் பாய் வேண்டும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் உங்கள் தெருவிலேயே ஏதோ ஒரு வீட்டில் பக்கவாதத்தாலோ எலும்பு முறிவாலோ படுக்கையில் கிடக்கும் தாத்தாவோ ஆச்சியோ இருக்கக்கூடும். அவர்களுக்காக வாங்கிய 'ஏர் பெட்' கட்டிலில் விரிந்திருக்கும். ஒரு சிறிய மின்பம்பு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதன் அறைகளில் ஒரு பாதியை ஊதி மறுபாதியைத் தளர்த்தி, உடலின் பாரம் ஒரே இடத்தில் நிற்காதபடி மாற்றிக்கொண்டிருக்கும். ஓரிடத்தில் அழுத்தம் நீடித்தால் அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கி, தசை அழுகிப் படுக்கைப் புண் உண்டாகும். இடுப்பின் பின்புறமும் குதிகாலும்தான் முதலில் பாதிக்கப்படும். அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும். சிலருக்கு உயிருக்கே உலை வைக்கும்.

இந்தப் படுக்கையில் ஓட்டை விழுந்தால் ஒரு சூழ்ச்சி நடக்கிறது. பம்பு விடாமல் ஓடுவதால் ஓட்டை வெளியே தெரிவதில்லை. பம்பு ஊதுவதும் ஓட்டை விடுவதும் ஏறத்தாழச் சமமாகி, பார்வைக்குப் படுக்கை பருத்தே இருக்கும். எலும்பு முட்டும் இடத்தில் மட்டும் கட்டிலைத் தொட்டுக்கொண்டிருக்கும். மின்சாரம் நின்ற சில நிமிடங்களில் படுக்கை தட்டையானால்தான் வீட்டார் கவனிப்பார்கள். அதற்குள் புண் தொடங்கியிருக்கலாம். சோதிப்பது எளிது: இடுப்புக்கு நேராகப் படுக்கைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு விரல் பருமனுக்காவது காற்று இல்லையென்றால் ஏதோ கோளாறு. நோயாளியை வேறு மெத்தைக்கு மாற்றிவிட்டு, பம்பிலிருந்து வரும் குழாய், அதன் இணைப்புகள், பிறகு அறைகள் என்ற வரிசையில் சோப்பு நீரைத் தடவுங்கள். மின்பம்பின் பக்கம் மட்டும் நீர் போகக் கூடாது. இன்னொன்று: சில வகைப் படுக்கைகளில் தோலுக்குக் காற்று படுவதற்காக ஊசிமுனைத் துளைகளை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். ஒழுங்கான வரிசையில் நுரை கிளம்பினால் அது ஓட்டை அல்ல, அதை அடைத்துவிடாதீர்கள். படுக்கை நன்றாக இருந்தாலும் இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும் வழக்கத்தையும் விடக் கூடாது.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். செய்முறைத் தேர்வில் நாம் என்ன செய்கிறோம்? விடை முன்பே தெரிந்த சோதனைகளைச் செய்கிறோம். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வரவேண்டும் என்று தெரியும், வராவிட்டால் வரவைத்துவிடுகிறோம்! ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இது தெரியாத இரகசியம் அல்ல. ஓட்டை தேடும் வேலையில் இந்தத் தந்திரம் பலிக்காது. விடை எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஊகிக்க வேண்டும், சோதிக்க வேண்டும், ஊகம் தவறினால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். முடிவில் காற்று நின்றால் நீங்கள் சொன்னது சரி, நிற்காவிட்டால் தவறு. மதிப்பெண் போட ஆசிரியரே தேவையில்லை. ஆகவே ஒவ்வொரு பள்ளி ஆய்வுக்கூடத்திலும் ஒழுகும் டியூப் ஒன்றும், ஒழுகும் காற்றுத் தலையணை ஒன்றும் இருக்க வேண்டும் என்கிறேன். இரண்டையும் இலவசமாகவே தர ஊரில் ஆள் இருக்கிறார்கள்.

பெற்றோர் சிலர் முகம் சுளிப்பார்கள். "படிக்க அனுப்பினால் பங்சர் ஒட்டவா கற்றுத் தருகிறீர்கள்?" என்பார்கள். கையில் அழுக்குப் படும் வேலை தாழ்ந்தது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக வேரோடி இருக்கிறது, சீமைக்கருவேலத்தைவிட ஆழமாக! அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். 2013 ஆகஸ்டு 19 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஜி.எஸ்.எல்.வி. டி-5 ராக்கெட் கிளம்ப 74 நிமிடம் இருந்தபோது இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிவு கண்டுபிடிக்கப்பட்டு, ஏவுதல் நிறுத்தப்பட்டது. அந்த அடுக்கையே புதிதாக மாற்றி 2014 ஜனவரி 5இல் ஏவினார்கள். இந்தியாவின் கிரையோஜெனிக் எஞ்சின் அன்று வென்றது. 2025 ஜூனில் சுபான்சு சுக்லா விண்வெளி நிலையம் செல்ல இருந்த ராக்கெட்டிலும் திரவ ஆக்சிஜன் கசிவு தெரியவந்து, அதைச் சரிசெய்த பிறகே ஜூன் 25 அன்று பயணம் தொடங்கியது. நம் தூத்துக்குடி மாவட்டத்திலேயே குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டியாயிற்று. அங்கே கசிவு தேடும் வேலைக்கு ஆள் வேண்டியிருக்கும். அவர்கள் சோப்பு நீருக்குப் பதில் ஹீலியத்தையும் கருவிகளையும் வைத்துத் தேடுவார்கள். தேடும் முறை ஒன்றே.

இதற்காக எல்லாவற்றையும் ஒட்டிக்கொண்டே இருக்கச் சொல்லவில்லை. துணி ஸ்பாஞ்சிலிருந்து விட்டுப்போய் ஆப்பம்போல் உப்பிய பாயை யாராலும் மீட்க முடியாது; ஈரத்தோடு சுருட்டி வெயில் படும் இடத்தில் போட்டுவைப்பதால் வரும் கேடு அது. வால்வைத் திறந்து, விரித்தபடி நிழலில் வைத்தால் பாய் நெடுநாள் இருக்கும். நூல் தெரியும் டயரை மாற்றத்தான் வேண்டும். சமையல் எரிவாயுக் குழாயில் கசிவு இருந்தால் எக்காரணம் கொண்டும் ஒட்டாதீர்கள். தீக்குச்சி கிழித்துப் பார்க்காதீர்கள். மின் சுவிட்சையும் தொடாதீர்கள். சிலிண்டரின் வால்வை மூடி, சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள். எதை ஒட்டலாம், எதை ஒட்டக் கூடாது என்று தெரிவதும் இந்தப் படிப்பில் அடக்கம்.

அடுத்த விடுமுறைக்கு ஒரு கணக்குத் தருகிறேன். பாயில் உள்ள துளையின் விட்டம் 0.1க்குப் பதில் 0.05 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் காற்று வெளியேறும்? சோப்பு நீரில் குமிழி வர எவ்வளவு அழுத்தம் வேண்டும்? 60 கிலோ ஆள் படுத்தால் அது கிடைக்குமா? கிடைக்காதென்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் உண்டு. உங்கள் ஊர் பங்சர் கடைக்காரரிடமும் கேட்டுவிட்டு எழுதுங்கள்.